திரையில் எழுதுவதன் பொறுப்பு

காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவர் பிடிக்காவிட்டாலும் சில பக்கங்கள் பொறுத்துப் படிப்பார். இணையத்தில் படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேடியது கண்ணில் படாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இணையத்துக்கு எழுதும் முறைகளில் பெரும்பாலானவை இந்த நிலையிலிருந்து பிறந்தவை.

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தனர். சொல் விடாமல் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர்தான். நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா பற்றிய ஒரே செய்தியைப் பல விதமாக எழுதியும் சோதித்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்த வடிவம், மூல வடிவத்தைவிடப் பயன்பாட்டில் 58 விழுக்காடு மேம்பட்டிருந்தது. விளம்பரப் புகழ்ச்சியை நீக்கி நடுநிலையாக எழுதியதாலேயே 27 விழுக்காடு கூடியது. சுருக்கம், எளிதில் கண்ணோட்டக்கூடிய அமைப்பு, நடுநிலை மூன்றும் சேர்ந்தபோது 124 விழுக்காடு ஆனது. மிகைப்படுத்தினால், உண்மை எது என்று பிரித்தறியும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

கண் எங்கே போகிறது என்பதை நீல்சனின் நிறுவனம் 2006இல் ஆராய்ந்தது. மேல் வரிகளைப் பலர் முழுவதும் படித்தனர். கீழே போகப் போக வரியின் தொடக்கத்தை மட்டும் தொட்டுச் சென்றனர். ஆகவே முக்கியச் செய்தி முதல் பத்தியில் வர வேண்டும். துணைத்தலைப்பு அதன் கீழுள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு பத்திக்கு ஒரு கருத்து போதும்.

தமிழில் எழுதுபவருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. எச்சங்களை அடுக்கி நீட்டினால், நடந்ததா இல்லையா என்பதே முடிவுவரை தெரியாது. குறுகிய வாக்கியம் அந்தக் காத்திருப்பைக் குறைக்கும். தலைப்பில் மக்கள் தேடும் சொல்லே இருப்பது நல்லது. வெளிநாட்டுப் பெயரைக் கட்டுரை முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதும் அவசியம். எழுத்துகளின் குறியாக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதிய பக்கங்கள் பல, மாற்றியமைக்கப்படாததால் இன்று வெறும் குறிகளாகத் தெரிகின்றன. படிக்கவும் தேடவும் கிடைக்கும் வடிவில் எழுதுவதும் எழுத்துவேலையின் பகுதிதான்.

சுருக்கம் என்பது ஆழக்குறைவு அல்ல. மேலோட்டமாகப் பார்ப்பவர், தனக்கு வேண்டியது இங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டால் நின்று முழுவதும் படிப்பார். விரிவு தேவைப்படும் பொருளை விரித்தே எழுத வேண்டும். வெட்ட வேண்டியவை, பொருளுக்கு வராமல் சுற்றி வளைக்கும் முன்னுரை, சொன்னதையே திரும்பச் சொல்லும் பத்தி, எழுதுபவரின் புலமையைக் காட்ட மட்டும் வந்த சொல் ஆகியவை.

நம்பகம் இன்னொரு கடமை. பரபரப்பான தலைப்பு ஒருமுறை ஆளைக் கொண்டுவரும். உள்ளே சரக்கு இல்லையென்றால் அவர் மறுமுறை வரமாட்டார். தகவலின் மூலத்துக்கு இணைப்புக் கொடுத்தால் படிப்பவரே சரிபார்த்துக்கொள்ளலாம். பிழையைத் திருத்துவது இணையத்தில் எளிது. அதனாலேயே ஓசையின்றி மாற்றிவிடும் ஆசையும் எழுகிறது. பழைய வடிவத்தை யாராவது முன்பே மேற்கோள் காட்டியிருக்கக்கூடும். எதைத் திருத்தினோம், எப்போது திருத்தினோம் என்று குறிப்பதே நேர்மை.

இணையத்தில் போட்டது நிலைக்கும் என்ற எண்ணமும் சரியல்ல. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. எழுதியவர் தன்னிடம் ஒரு படி வைத்துக்கொள்வதும், பக்கத்தின் முகவரியைக் காரணமின்றி மாற்றாமல் இருப்பதும் அடிப்படைத் தேவைகள்.

இந்த விதிகள் எல்லாம் நுட்பம்போலத் தோன்றினாலும், முகம் தெரியாத ஒருவரின் நேரத்தை மதிப்பது என்ற ஒரே பண்பின் கிளைகள். அந்த மதிப்பு இல்லாத எழுத்தை எந்த உத்தியும் காப்பாற்றாது.