உத்தியோகம் நிலைக்குமா?

சென்ற பௌர்ணமி வந்தனை முடிந்து அன்பர்கள் கலைந்த பின்னர், செகந்திராபாத்தில் வாழும் நம் குடும்பத்து இளைஞர் ஒருவர் என்பால் வந்தமர்ந்தார். நகராட்சி, வருவாய்த்துறை உத்தியோகங்களுக்கான குரூப் தேர்வுக்கு மூன்றாண்டாகப் படித்து வருபவர் அவர். "ஐயா, செயற்கை நுண்ணறிவு என்னும் கருவி மனுவை வாசிக்கின்றது, மறுமொழி எழுதுகின்றது, தகுதியும் பார்க்கின்றது. நான் தேறி நாற்காலிக்குப் போகும்போது அந்த நாற்காலி இருக்குமா?" என வினவினார்.

இவ்வினா அவர் ஒருவருடையது அன்று. நம் இல்லங்களில் சர்க்கார் உத்தியோகம் என்பது வெறும் சம்பளமாக இருந்ததில்லை. பௌத்தம் தழுவிய பட்டியல் வகுப்பினரும் அவ்வகுப்புக்குரிய உரிமைக்கு உட்பட்டவரே என நாடு முழுமைக்கும் சட்டத்திருத்தம் 1990இல் அன்றோ வந்தது! அக்கதவு திறந்து ஒரு தலைமுறைதான் ஆயிற்று. அதற்குள் அது ஒடுங்குமோ என ஓர் இளைஞர் அஞ்சினால், அவ்வச்சத்தைப் பற்று என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் தெலங்கானாவிலேயே இதற்கொரு சான்று நடந்தேறியுள்ளது. 2020 செப்டம்பரில் கிராம வருவாய் அலுவலர் என்னும் பதவியே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் பதவியை இழந்தனர். பின்னர் வெவ்வேறு துறைகளுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் 'தரணி' என்னும் கணினித் தளம் நிலப்பதிவை ஏற்றது. மக்கள் வருந்தினரோ எனின், பலர் மகிழ்ந்தனர் என்பதே உண்மை. கைந்நனைக்காமல் பட்டா மாறாது என்று ஊரெங்கும் பேச்சிருந்தது. ஆயினும் தளத்தில் ஒரு சர்வே எண் பிழையாக ஏறிவிட்டபோது, "இது என் பாட்டன் உழுத நிலம்" என்று உழவன் சென்று முறையிட ஊரில் ஆளில்லை. 2025 ஏப்ரல் 14இல் தரணி நீங்கிப் 'பூ பாரதி' வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ ஐயாயிரவர் 'கிராம பாலன அலுவலர்' என்னும் புதுப்பெயருடன் நியமனம் பெற்றனர். பழைய அலுவலர்களிலும் கிராம உதவியாளர்களிலும் தேர்வெழுதித் தேறியவர்களே அவர்கள். தரணி செயற்கை நுண்ணறிவு அன்று, சாதாரணக் கணினிப் பதிவேடுதான். அதற்கே இவ்வளவு.

இனி, எண்ணிப் பொருத்தித் தானே முடிவுகூறும் கருவியின் கதையைக் காண்போம். அதுவும் இந்நகரில் பிறந்ததே. 'சமக்ர வேதிகா' என்பது அதன் பெயர். பல துறைகளில் கிடக்கும் பதிவுகளைப் பெயர், முகவரி முதலியவற்றின் ஒப்புமையால் ஒன்றோடொன்று இணைத்து, "இவரிடம் கார் உண்டு, இவருக்கு அரிசி வேண்டாம்" என்று காட்டுவது அதன் தொழில். 2014க்கும் 2019க்கும் இடையே மாநிலத்தில் 18 லட்சத்துக்கு மேற்பட்ட உணவு அட்டைகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. அவற்றைச் சலிக்க 2016 முதல் இக்கருவி பயன்பட்டது. ரிக்ஷா ஓட்டிப் பிழைத்த ஏழை ஒருவர், ஏறக்குறைய அதே பெயருடைய வேறொருவரின் காருக்கு உடைமையாளராகக் கொள்ளப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நேரில் சென்று மீண்டும் சரிபார்க்க 2022 ஏப்ரலில் அம்மன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலை வரை ஆராய்ந்து முடித்த 2,05,734 மனுக்களில் 15,471 மனுக்கள் தகுதியுடையன எனக் கண்டனர். நூற்றுக்கு ஏழரை என்றால் சிறு தொகையாகத் தோன்றும். 15,471 அடுப்புகள் என்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் நெதர்லாந்து நாட்டிலும் இத்தகைய கணிப்பை நம்பிப் பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர் எனக் குற்றஞ்சாட்டி, அதன் விளைவாக 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகிற்று. ஆங்காவது விலகினர்.

அவ்வட்டைகளை அழித்தவர் யார்? கருவியோ? பகவன் சேதனையையே கம்மம் என்றார். எண்ணம் உள்ளவிடத்தேதான் வினை உண்டு. கருவிக்குப் பசி தெரியாது, ஒருவனைப் பட்டினி போடவேண்டும் என்ற எண்ணமும் அதற்கில்லை. ஆகவே வினை அதனைச் சாராது. கருவி காட்டிய பட்டியலை வாங்கி, வீட்டு வாசல் மிதிக்காமல், "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகின்றது" என்று கூறிக் கையொப்பமிட்ட மனிதர் இருக்கின்றாரே, அவர் எண்ணாதிருக்க எண்ணியவர். எண்ணாதிருக்க முடிவு செய்வதும் ஓர் எண்ணமே அன்றோ?

இதற்கு மறுப்பு ஒன்றுண்டு. அதனை நானே கூறிவிடுகின்றேன். கருவி லஞ்சம் வாங்காது, ஜாதியும் கேளாது. என் இளமையில் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்தேன். அங்கிருந்த எழுத்தர் என் தாளைக் கையால் தொடாமல், ஸ்கேலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். அன்று அந்நாற்காலியில் ஓர் இயந்திரம் இருந்திருந்தால் அதனைக் கும்பிட்டிருப்பேன். ஆகவே மனிதர் என்பதற்காகவே உத்தியோகஸ்தரைப் போற்ற என்னால் ஆகாது. ஆயினும் அவ்வலுவலகத்திலேயே பத்தாம் முறை வேறொருவர் இருந்தார். தாளை வாங்கிப் படித்தார்; என் முகத்தைப் பார்த்தார்; "உட்காருங்கள்" என்றார். அரைமணியில் வேலை முடிந்தது. முன்னவர்மேல் எனக்கிருந்த சினம் நாளடைவில் தேய்ந்தது. பின்னவரின் அச்சொல் இன்னும் தேயவில்லை.

நான் ஆலைத்தறியில் நின்றவன். தானியங்கித் தறியில் ஒவ்வொரு பாவிழை மேலும் மெல்லிய எஃகுத்தகடு ஒன்று தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும், தறி தானே நிற்கும். அத்தறிகள் வந்தபோது நான்கு தறி பார்த்தவன் பதினாறு பார்க்கலானான். நால்வர் செய்த வேலைக்கு ஒருவன் போதுமாயிற்று. ஓராண்டு கழித்து என்னையும் அனுப்பினர். ஆதலின் "ஆட்குறைப்பு வாராது" என்று அவ்விளைஞரிடம் நான் பொய் கூறவில்லை. படியெடுத்தல், கோப்பு நகர்த்தல், பதிவேட்டில் ஏற்றுதல் ஆகிய வேலைகளுக்கு இனி ஆள் மிகக் குறைவாகவே எடுப்பர். ஆனால் அத்தறியில் வேறொன்றும் கண்டேன். இழை அறாமலே தவறான கண்ணில் கோக்கப்பட்டிருந்தால் தகடு விழாது, தறி நில்லாது, முழம் முழமாகப் பழுதுத்துணி வந்துகொண்டே இருக்கும். துணியின் அடியில் கை வைத்துத் தடவிப் பார்ப்பவன்தான் அதனைக் கண்டு தறியை நிறுத்துவான். மிஞ்சிய ஒருவனுக்கு ஆலை சம்பளம் கொடுத்தது அதற்காகவே. ரிக்ஷாக்காரரின் பெயரோடு வேறொருவர் காரைச் சேர்த்ததும் அறாத இழையே.

இதனைக் கூறியபோது இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "கருவி தகுதியில்லை என்றதை நான் தகுதியுண்டு என்று எழுதினால் மேலதிகாரி விளக்கம் கேட்பாரே, ஐயா?" என்றார்.

"கேட்பார், தம்பி. மாற்றல் உத்தரவும் வரலாம். ஆகையால் வீட்டுக்குச் சென்று கண்டதை எல்லாம் தேதியிட்டு எழுதி, அதன்கீழ் உங்கள் பெயரை இடவேண்டும்."

"அந்த விசாரணை அறிக்கை எப்படி எழுதுவது? தேர்வுப் புத்தகத்தில் இல்லையே."

எனக்கும் தெரியாது. நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர் இருக்கின்றார், அவரிடம் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு விகாரைத் திண்ணையில் இருவரும் பழைய தாள்களை விரித்து அமர்ந்திருந்தனர். இளைஞர் வாசித்துக்கொண்டிருக்க, பெரியவர் இடையிடையே நிறுத்தி, "கதவு எந்தப் பக்கம், அடுப்பு எரிந்ததா, அதை எழுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.