தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பும் ஆடு

குட்டி போடப் போகும் ஆடு ஊரைக் கூட்டும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும்பும், கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்க்கும், இன்னும் பிறக்காத குட்டியை அடித்தொண்டையில் கூப்பிடும். பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் ஆடு கட்டி வளர்க்கிற வீடுகளில் இந்தப் பாஷை சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லத் தொடங்கிவிடும். வாலடியின் இரண்டு பக்கமும் விறைப்பாகத் தட்டுப்பட்ட நார் இளகிக் குழி விழும். விரலை வைத்துத் தேடியும் அந்த நார் அகப்படாவிட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். மடி இறுகிப் பளபளக்கும், பின்பக்கம் சளி நூலாக இறங்கும். பனிக்குடம் தெரிந்த பிறகு முன்னங்கால் இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் வந்தால் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் ஒன்றும் நகரவில்லையா, வால் மட்டும் தெரிகிறதா, கால் வந்து தலை வராமல் நிற்கிறதா, உடனே மாட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் நஞ்சு விழாவிட்டாலும் அப்படியே. தொங்குகிற கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இவையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற அடையாளங்கள். பக்கத்துக் காம்பராக் கிழவியாவது கேட்டு எழும்பி வருவாள். என் யோசனை முழுக்கச் சத்தமே போடாத ஆட்டைப் பற்றியது.

ஆட்டுக்குச் சினை ஏறக்குறைய 150 நாள். வயிற்றுக் குட்டியின் எடையில் 100க்கு 70 பங்கு கடைசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்தான் ஏறுகிறது. இரட்டைக் குட்டி, மூன்று குட்டி என்றால் கர்ப்பப்பை பெருத்து இரைப்பையை நெருக்கும். தாய்க்கு மிக அதிகமாகத் தீனி தேவைப்படும் நாட்களும், வயிற்றில் தீனிக்கு மிகக் குறைவாக இடம் இருக்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. வெறும் முற்றிய புல்லைத் தின்று அந்தச் சின்ன இடத்தை நிரப்பினால் வயிறு நிறையும், சத்து நிறையாது. குட்டிகளோ தாயின் இரத்தத்திலிருந்து குளுக்கோசை எடுத்துக்கொண்டே இருக்கும். ஈடுகட்டத் தாயின் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கிறது. வந்து குவிகிற கொழுப்பைச் சமாளிக்க முடியாமல் ஈரல் திணறி, கீட்டோன் என்ற பொருளை இரத்தத்தில் தள்ளுகிறது. அது சேரச் சேர இரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. ஆங்கிலேயச் செம்மறி மேய்ப்பர்கள் இதை இரட்டைக் குட்டி நோய் என்றார்கள். மெலிந்த ஆட்டுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். செல்லமாகத் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்த ஆட்டுக்கும் வரும். வயிற்றுக்குள் கிடக்கும் கொழுப்பும் இரைப்பையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது அல்லவா?

இந்த நோயின் முதல் அடையாளம் எதுவும் நடக்காமல் இருப்பதுதான். புண்ணாக்கை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும். மற்ற ஆடுகள் பலாத்தழைக்கு முட்டி மோதும்போது இது மூலையில் நிற்கும். அசை போடாது. பிறகு பல்லை நறநறக்கும், கால் வீங்கும், மூச்சில் அழுகின பழத்தின் இனிப்பு வாடை வரும். அதற்குப் பிறகு படுத்துவிடும். படுத்த ஆடு எழும்புவது அபூர்வம்.

நிற்கும்போதே கண்டால் காப்பாற்றலாம். புரொப்பிலீன் கிளைக்கோல் வாயில் கொடுப்பார்கள், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், கல்சியமும் குறைந்திருந்தால் அதையும் போடுவார்கள். வீட்டில் சீனியையோ கித்துள் பாணியையோ கரைத்து ஊற்றுவது வழக்கம். அதில் பெரும்பகுதி இரைப்பைக்குள்ளேயே நொதித்துப் போகும் என்பதால் டாக்டர் வரும்வரைக்கும்தான் அந்த வைத்தியம். விழுங்கச் சக்தியில்லாமல் படுத்துவிட்ட ஆட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். எல்லாம் கைவிட்டால் கடைசி வைத்தியம் ஒன்றுதான்: நாள் நிறையாவிட்டாலும் குட்டிகளை வெளியே எடுப்பது.

அப்படியானால் முதல் நாளே காண வேண்டும். அங்கேதான் சிக்கல். ‘தின்னவில்லை’ என்பதைக் காண, நேற்று எப்படித் தின்றது என்று தெரிந்த ஒருவர் தீனி போடும் நேரத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆடு வளர்க்கும் பெண்ணோ விடியற்காலையில் தழையை வீசிவிட்டுப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுகிறாள். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பொழுது சாயத் திரும்பும்போது தழை கிடந்தபடியே கிடந்தால், “ஏன் புள்ள, ஆடு அசை போடலியே, பாத்தியா?” என்று கேட்க ஒரு மாமியார் வீட்டில் இருந்தால் அந்த ஆடு அதிர்ஷ்டசாலி.

இன்னொன்று, ஊவாவின் காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த மலைகளில் வீசும் வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணத்தை ஏற்றுகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. அதே காற்றில் கானோரப் புல் காய்ந்து நாராகிறது. அந்த மாதங்களில் நிறைசினையாக நிற்கும் ஆட்டுக்குப் புல் போதாது. பலா, கிளிறிசிடியா, முள்முருங்கைத் தழையோடு, தவிடோ தேங்காய்ப் புண்ணாக்கோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் அது வேறு நோயில் முடியும்.

தாய் தன்னை உருக்கிப் பிள்ளையை வளர்ப்பாள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அன்னையர் தின மேடைகளில் மெழுகுவர்த்தி எரியாத உரை உண்டா? தாய் உடம்பு தன்னைக் கரைத்துக் குட்டிக்கு ஊட்டுவது எப்படி இருக்கும் என்று அந்த மூலையில் நிற்கும் ஆட்டைப் பார்த்தால் தெரியும். அது ஒரு நோய். கரைகிற கொழுப்பு நஞ்சாகித் தாயைக் கொல்லும், தாயோடு வயிற்றுக் குட்டிகளும் போகும். தீனித் தொட்டியில் சத்தில்லாததை உடம்பு சிறிது காலம் மறைத்துவைக்கிறது, அவ்வளவுதான். அதை அன்பு என்று வாழ்த்திவிட்டால் தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லாமல் போகிறது. தியாகத்தைப் புகழ்கிறவர்களில் பலருக்கு இந்த வசதி பிடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆட்டையும் பெண்ணையும் சேர்த்துப் பேசுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. தோட்டத்துப் பெண்களை எண்ணிக்கையாகவும் கிலோவாகவும் பார்த்தவர்கள் ஏற்கெனவே போதும். ஆனால் உடம்பின் கணக்கு இங்கே ஒன்றாகத்தான் ஓடுகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் இருக்கும் பெண் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், கர்ப்பம் இல்லாதவளைவிடச் சீக்கிரமாக அவள் இரத்தத்தில் கீட்டோன் ஏறுகிறது. வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலையேறும் பெண் பசியைப் பற்றி எதுவும் சொல்லமாட்டாள். அவளும் சத்தம் போடாதவள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தையும் நாம் தாய்மைக் கணக்கில்தான் வரவு வைத்திருக்கிறோம்.

கர்ப்பிணியை ஆட்டுப்பட்டியில் விட்டுவைக்கவும் கூடாத ஒரு நேரம் உண்டு. ஆடு நாள் நிறையாமல் குட்டியைக் கலைத்துவிட்டால், புருசெல்லா, டொக்சோபிளாஸ்மா, கிளமிடியா போன்ற கிருமிகள் காரணமாக இருக்கலாம். இவை மனிதருக்கும் தொற்றும், கர்ப்பிணியின் கருவையும் கலைக்கும். கலைந்த குட்டியையும் நஞ்சையும் வேறொருவர் கையுறை போட்டு எடுத்து ஆழப் புதைக்க வேண்டும். சாதாரணமாகக் குட்டி போடும்போதும் கர்ப்பிணி அருகில் நிற்காமல் இருப்பதே பத்திரம். தழை ஒடிப்பது முதல் குட்டியைத் துடைப்பது வரை பெண்ணின் வேலை என்று விட்டிருக்கும் வீடுகளில் ஆண்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்ணின் உடம்புக்குச் சட்டமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது 1939இல். பின்னாளில் அதில், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு விடுமுறையைப் பாதியாக, 42 நாளாக, வெட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் பிள்ளைக்குத் தாயின் உடம்பு பாதிதான் தேய்கிறது என்று யார் கணக்குப் பார்த்தார்களோ! 2018இல்தான் அது திருத்தப்பட்டு எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் என்றானது. அதில் பேறுகாலத்துக்கு முன்னால் வருவது 14 நாள்.

சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரமும் தீனியைக் கூட்டச் சொல்கிறோம். அந்தக் கணக்கின்படி 42 நாள். பெண்ணுக்கு 14 போக மிச்சம் 28 நாளில் காலை ஏழு மணிக்கு அவள் என்ன சாப்பிட்டாள் என்பதைப் பெரட்டுக்களத்தில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் கேட்கலாம். முதல் ரொட்டியை அவள் தட்டில் போட்டுவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கலாம்.