கட்டுப்பாடும் விடுதலையும்

ஒழுங்கு நிலைக்க அடக்கம் வேண்டுமெனில், அவ்வடக்கமே வெளிப்பாட்டைக் குறுக்கிவிடாதா என்பது, தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கேள்வியாகும். அடக்குபவனும் அடக்கப்படுவதும் வேறல்ல என்பதே அவர் கண்ட தெளிவு.

இசையின் மின்னலையைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் பெருக்கியிலும் இக்கேள்வி எழுகிறது. டிரான்சிஸ்டரின் முனைகளுள் ஒன்றான உமிழ்ப்பானில் இணைக்கப்படும் மின்தடை, வெப்பத்தால் மின்னோட்டம் உயர முயலும்போது தன் மின்னழுத்தத்தை உயர்த்தி அதனைக் கட்டுப்படுத்துகிறது. வெளியீடு தன்னைத்தானே திருத்தும் இச்செயல் எதிர்ப் பின்னூட்டம் எனப்படும். ஆனால் அது இசைக்குரிய மின்னலையையும் சேர்த்தே அடக்குவதால், மற்றொரு முனையான ஏற்பானில் 4,700 ஓம் தடையும் உமிழ்ப்பானில் 1,000 ஓம் தடையும் உள்ள சுற்றில் பெருக்கம் 5 மடங்கைக்கூட எட்டுவதில்லை. உமிழ்ப்பான் தடைக்கு இணையாக மின்தேக்கி ஒன்றை வைத்தால், மாறாத நேர்மின்னோட்டத்துக்குத் தடை அப்படியே நிற்க, அலைவுறும் மின்னோட்டம் மின்தேக்கி வழியே கடந்துவிடுவதால், 1 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் பெருக்கம் ஏறத்தாழ 180 மடங்காகிறது. மின்தேக்கியின் மதிப்பு 10 மைக்ரோஃபாரடாக இருந்தால் சுமார் 600 ஹெர்ட்சுக்குக் கீழே பெருக்கம் சரிந்து, மயிலாப்பூர்க் கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த நாதம் மெலியும். 100 மைக்ரோஃபாரடானால் அவ்வெல்லை சுமார் 60 ஹெர்ட்சுக்கு இறங்கும்.

எனினும் அலைக்கு முழு விடுதலை தருவதற்கும் விலை உண்டு: பெரிய அலைகள் உருக்குலைகின்றன, பெருக்கமும் வெப்பநிலையோடு மாறுகிறது. எனவே தடையில் ஒரு சிறு பகுதியை மின்தேக்கியின்றி விட்டுவைப்பது வழக்கம். நிலைபேற்றைக் காக்கும் அடக்கமும் நாதத்தை நெரிக்கும் அடக்கமும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறிவதே அறம்.