மாப்பிள்ளை மரியாதை

புரட்டாசியில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால், ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காய்ந்து கிடக்கும். மழை இன்னும் வந்திருக்காது. ஆனாலும் சம்சாரி விதைத்துக்கொண்டிருப்பார். புழுதி விதைப்பு! வானம் கொடுத்தால் பருத்தி, மல்லி, கம்பு. அரைகுறையாகத் தூறிவிட்டுப் போய்விட்டால், முளைத்தது அப்படியே கருகும். விதை, உழவுக் கூலி, வட்டிக்கு வாங்கின பணம்... எல்லாம் போச்சு.

சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்த சம்சாரியைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். ‘அவர் மட்டும் என்ன, வருஷா வருஷம் வானத்தோடு பந்தயம் கட்டவில்லையா? நாங்கள் சீட்டோடு கட்டுகிறோம். என்ன வித்தியாசம்?’

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், வித்தியாசம் உண்டு. வானத்துக்கு சம்சாரியின் பெயர் தெரியாது. ‘என்னங்க, போன வருஷம் விதைச்சீங்க, இந்த வருஷம் ஆளையே காணோம்?’ என்று மேகம் போன் பண்ணி விசாரிக்காது. ஏர்போர்ட்டுக்கு கார் அனுப்பாது.

கேசினோ அனுப்பும்!

வேலிக்கருவைக் காட்டுக்குள் துண்டை விரித்து மங்காத்தா ஆடுகிறவர்களை நான் சொல்லவில்லை. (அந்த ‘உள்ளே - வெளியே’தான் கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பல்களில் ‘அந்தர் பாஹர்’ என்ற பெயரில் கோட்டு சூட்டோடு நடக்கிறது என்பது வேறு விஷயம்.) காட்டுக்குள் ஆடுபவரை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. அவரைத் தேடி வருகிற ஒரே ஆள் போலீஸ்காரர்தான். நான் சொல்வது, ஒரு ராத்திரிக்குச் சில கோடிகளைப் புரட்டக்கூடிய பெரிய கைகளை.

அவர்களுக்கு நடப்பது மாப்பிள்ளை மரியாதை. விமான டிக்கெட், கடல் பார்த்த சூட், பிடித்த சாப்பாடு, பெண்ணின் பிறந்தநாளுக்கு கேக். இதையெல்லாம் கவனிக்கவே ‘ஹோஸ்ட்’ என்று ஒரு ஆள். தமிழில் சொன்னால், விருந்து படைப்பவர்.

பி.காம் படித்தவனுக்கு ஓசி என்றாலே கை பரபரக்கும், கணக்குப் போட்டுப் பார்க்க. பாக்கரா என்ற சீட்டாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பெரிய கைகளுக்குப் பிடித்த ஆட்டம் அது. கேசினோவுக்கு அதில் நூற்றுக்குச் சுமார் 1.2 ரூபாய் நிற்கும். பார்த்தால் ரொம்பச் சின்ன லாபம். ஒருவர் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் வைக்கிறார், மணிக்கு 70 ஆட்டம், நாலு மணி நேரம் என்று வையுங்கள். மேஜையில் புரண்டது 2 கோடியே 80 லட்சம். அதில் 1.2 சதவிகிதம் 3,36,000 ரூபாய். அன்றைக்கு அவர் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஆனால், கேசினோவின் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதப்படுவது இந்த எதிர்பார்ப்பு நஷ்டம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. சூட், டிக்கெட், கேக் எல்லாம் அதில் அடக்கம். ஆக, மாப்பிள்ளை சாப்பிட்டது அவருடைய சொந்தக் காசு!

சரி, எந்த வியாபாரத்தில்தான் இது இல்லை? ஜவுளிக்கடையில் கலர் வாங்கிக் கொடுப்பதும் இதே கணக்குதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே புடவையை எடுத்ததும் எழுந்து வந்துவிடலாம். இங்கே எழுந்திருக்க முடியாது. இத்தனை உபசாரம் பண்ணினவர் முன்னால், பந்தியில் பாதியில் எழுந்தால் மரியாதையா? நம்முடைய நல்ல குணத்தையே தூண்டிலில் மாட்டுகிறார்கள். சூதில் ஜெயிப்பதே மீன் தூண்டிலை விழுங்கின மாதிரி என்றார் வள்ளுவர். கேசினோக்காரர்கள் அதைவிட மலிவான இரையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்களை ஜெயிக்க வைக்கக்கூட வேண்டாம், ‘வாங்க சார்’ என்றாலே போதும்.

அந்த உபசாரம் குறிவைப்பது நமக்குள் இருக்கிற ‘போதும்’ என்ற சொல்லை. திருச்சுழியில் பிறந்த ரமணர், 1896-ல் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது, அண்ணனின் படிப்புச் செலவுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் துறக்கப் போகிறவருக்கு இருந்த அந்தக் கணக்கு, கோடீஸ்வரர்களுக்கு மேஜையில் மறந்துபோகிறது.

டெரன்ஸ் வாட்டனாபே என்ற அமெரிக்கர். அப்பா ஆரம்பித்த, விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கம்பெனியை விற்றுப் பெரும் பணம் பார்த்தவர். 2007-ல் ஒரே வருஷத்தில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ், ரியோ ஆகிய இரண்டு கேசினோக்களில் அவர் விட்டது சுமார் 12 கோடியே 70 லட்சம் டாலர். அதே ஊரில் இன்னொரு கேசினோ முதலாளி, ‘இவருக்கு இது வியாதி’ என்று தன் இடத்துக்குள் விடாமல் நிறுத்திவிட்டார். இவர்களோ அவருக்காகவே புதுசாக ஒரு அந்தஸ்தை உருவாக்கினார்கள். பிற்பாடு, போதையில் இருந்தவரை ஆட விட்டதற்காக நியூஜெர்சி அதிகாரிகள் போட்ட அபராதம் 2,25,000 டாலர். அவர் விட்ட தொகையில் நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை!

‘வயசு வந்தவர், அவர் பணம், அவர் இஷ்டம்’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி. நேபாளத்து கேசினோவில் நேபாளிக்கு அனுமதி கிடையாது. கோவா அரசு 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் கேசினோவுக்குள் நுழையத் தடை போட்டது. சிங்கப்பூரில் குடிமகன் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம், வெளிநாட்டுக்காரருக்கு அந்தக் கட்டணம் இல்லை. விருந்து நல்ல விருந்தாக இருந்தால், சொந்தப் பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பக்கத்து ஊர்க்காரனுக்கு ஏன் இலை போடுகிறார்கள்? சமைத்தவர்களுக்குத் தெரியும், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று.

எனக்கு உறுத்துவது அந்த ஹோஸ்ட்தான். முதலாளிக்கு லாபம், அரசுக்கு வரி. சம்பளத்துக்கு வந்த அந்தப் பையனோ, அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் பிறந்தநாளை ஞாபகம் வைத்து போன் பண்ணவேண்டும். அவனைப் பாவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவன் என்று சொல்லவும் வரவில்லை.

பாரதத்திலும் தருமனைச் சூதுக்கு அழைத்துவர ஒரு நல்லவரைத்தான் அனுப்பினார்கள். விதுரர். ராஜா சொல்லைத் தட்ட முடியாமல் போனார். ஆனால், கிளம்புமுன் திருதராஷ்டிரனிடம் ‘இது வேண்டாம்’ என்றார். போன இடத்தில் தருமனிடமும், இந்த ஆட்டம் கேடு என்பதை மறைக்கவில்லை. விருந்தாளியிடம் அப்படிச் சொல்கிற ஹோஸ்டுக்கு மறுநாள் வேலை இருக்காது.