நினைவுக் கடன்

இறந்தோரை நினைத்தல் எவர்பொருட்டு என்னும் வினா மிகப் பழையது. புகழுரை இறந்தவர் செவியிற் புகாது. சூட்டும் மாலையை அவர் அறியார். இருந்தும், இறந்தோரை எண்ணாது விட்ட சமுதாயம் உலகில் இல்லை. அதிலும், பிறந்த மண்ணுக்கு அப்பால், உற்றார் முகம் காணாது மாண்டவரை நினைத்தல் தனியொரு கடமையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அக்கடமை எதன்மேல் நிற்கிறது? மாண்டவர் காட்டிய வீரத்தின்மேலா? அவர் ஈடுபட்ட போரின் நேர்மையின்மேலா? அன்றி, அவரும் ஒரு மனிதர் என்னும் உண்மையின்மேலா? மலேசியத் தமிழர் இதனை வெறும் ஏட்டு வினாவாகக் கருதிக் கடந்துவிட இயலாது. சயாம் நாட்டுக் காடுகளில் மாண்ட அவர்தம் முன்னோர் அதற்கு விடை வேண்டி நிற்கின்றனர்.

பண்டைத் தமிழர் இக்கடமையைக் கல்லில் எழுதி நிறைவேற்றினர். ஆநிரை மீட்கச் சென்று பட்ட வீரனுக்குக் கல் தேர்ந்து, அதனை நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்திய முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் பல, பட்டவனின் பெயரையும் அவன் பட்ட நிகழ்ச்சியையும் தாங்கி நிற்கின்றன. எடுத்தனூரில் உள்ள, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனொருவனோடு அவன் நாயையும் சேர்த்துப் போற்றுகிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் அழியவில்லை. ஒரு நாயின் பெயரையும் கல்லில் பொறித்துக் காத்த இனம் தமிழினம். இதனை மனத்திற் கொண்டே பின்வருவனவற்றை நோக்குதல் வேண்டும்.

இக்காலத்தில் போரில் மாண்ட தம் வீரரை நினைப்பதில் அமெரிக்கர் காட்டும் ஈடுபாடு பலரும் அறிந்தது. அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1868ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், மாண்டோர் கல்லறைகளுக்கு மலர் அணியும் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அதுவே நாளடைவில் நாட்டின் நினைவு நாளாயிற்று. 1971 முதல் மே மாதத்தின் இறுதித் திங்கட்கிழமையில் அது கொண்டாடப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசையில் மாண்ட அமெரிக்கருக்காக மணிலாவில் அமைந்த கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 17,000 கல்லறைகள் உள்ளன. உடல் கிடைக்காத 36,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன. உடல் கிடைக்காவிடினும் பெயரையாவது இழத்தலாகாது என்பதே அதன் கருத்து.

மலேசியத் தமிழர் வரலாற்றோடு நேரே தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1942ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சுந்தா நீரிணையில் 'ஹூஸ்டன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளுள் உயிர் தப்பிச் சிறைப்பட்டோர் 368 பேர். அதே மாதத்தில் ஜாவாத் தீவில் டெக்சாஸ் மாநிலத்துப் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றும் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அவர்கள் எங்குள்ளனர், உயிரோடுதான் இருக்கின்றனரா என்பது நெடுநாள் அறியப்படாமையால், அப்பிரிவு 'காணாமற்போன பட்டாளம்' என்றே பெயர் பெற்றது. அவ்வாண்டு நினைவு நாளன்று, கப்பலுக்குப் பெயர் ஈந்த ஹூஸ்டன் நகரில், மாண்ட மாலுமிகளின் இடத்தை நிரப்ப 1,000 இளைஞர் உறுதிமொழி எடுத்துக் கடற்படையிற் சேர்ந்தனர். தன் மக்கள் மறைந்த வெற்றிடத்தை ஒரு நகரம் அவ்வளவு கூர்மையாக உணர்ந்தது.

சிறைப்பட்ட அவ்வமெரிக்கருள் அறுநூற்றுவருக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்ட இடம், தமிழர் சயாம் மரண இரயில் என்று இன்றும் நடுக்கத்தோடு கூறும் அப்பாதையே. பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது இடர் மிக்கதாகிவிட்டமையால், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தொலைவுக்குக் காட்டையும் மலையையும் ஊடறுத்து இருப்புப்பாதை அமைக்க ஜப்பான் முனைந்தது. 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய பணி 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். அவர்களுள் அமெரிக்கர் நூற்று முப்பதின்மருக்கும் மேற்பட்டோர். அவர்கள் களத்தில் வாளேந்தியோ துப்பாக்கி ஏந்தியோ விழுந்தவர் அல்லர். மண்வெட்டியும் கூடையும் ஏந்தி, வயிற்றுக்கடுப்பாலும் காலராவாலும் மலேரியாவாலும், எலும்பு தெரியும் அளவு அழுகிய புண்ணாலும், பசியாலும் மாண்டவர்.

அதே பாதையில், அதே மண்வெட்டியோடு, அதே நோய்களால் மாண்ட மற்றொரு கூட்டம் தோட்டப்புறத் தமிழர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருள் பெரும்பான்மையோர் அவர்களே. போரால் இரப்பர் வாணிகம் நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போன காலம் அது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு, சில மாதங்களில் ஊர் திரும்பலாம் என்னும் உறுதிமொழிகளை நம்பிச் சென்றோர் சிலர். வளைத்துப் பிடித்து ஏற்றப்பட்டோர் பலர். பெண்களும் குழந்தைகளும்கூட அவர்களிடையே இருந்தனர். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பாட்டாளிகள் 1941ஆம் ஆண்டிலேதான் ஆர். எச். நாதன் தலைமையில் திரண்டு வேலைநிறுத்தம் செய்திருந்தனர். கூலி உயர்வோடு, துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கை. தன்மானத்தின்பொருட்டுத் துப்பாக்கிக்கு முன் நின்ற மக்கள் அவர்கள். ஈராண்டுக்குள், அவர்களைப் போன்ற பாட்டாளிகள் கோலாலம்பூர் வழியாக வடக்கே சென்ற சரக்கு வண்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டனர். மலாயாவின் கிழக்குக் கரைத் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம் பாதைக்குச் சென்றன. இரயில்வே ஊழியரின் குடியிருப்பாகப் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பகுதியினர், இரும்பும் மனிதரும் ஒரே திசையில் போன அக்காலத்தைக் கண்டிருந்தனர்.

இரு கூட்டத்தார்க்கும் வேறுபாடு தோன்றியது இறப்புக்குப் பின்னரே. போர்க்கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், பெயர்ப்பட்டியல் இருந்தது. காவலர் கண்ணுக்குத் தப்பி, இறந்தவன் பெயர், நாள், புதைத்த இடம் ஆகியவற்றை அவர்கள் எழுதிக் காத்தனர். 1945ஆம் ஆண்டு செப்டம்பரில், கைதிகளாயிருந்தவர் சிலரே ஒரு குழுவாகப் பாதை நெடுகச் சென்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தனர். பின்னர் அவ்வுடல்கள் காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாட் ஆகிய மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. அமெரிக்கரின் உடல்களோ தாயகத்துக்கே கொண்டு செல்லப்பட்டன. தமிழ்த் தொழிலாளரிடையே பட்டியல் எழுதுவார் எவருமிலர். மருத்துவரும் அரியர். காலரா பரவிய 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் குடும்பம் குடும்பமாக மடிந்தோர் பெருங்குழிகளில் இடப்பட்டனர்.

இவ்வேறுபாட்டின் கொடுமையை எண்களே கூறும். போர்க்கைதிகள் ஒவ்வொருவராக எண்ணப்பட்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோரைப் பற்றிய மதிப்பீடோ 80,000 முதல் 100,000 வரை என்று நிற்கிறது. அவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 20,000. கல்லறைத் தோட்டங்களில் பெயரோடு துயில்வோர் அனைவரினும் அது மிகுதி. மதிப்பீட்டின் ஐயத்துக்குள்ளேயே ஒரு நகரத்து மக்கள் மறைந்து போயினர்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். படைவீரன் நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவன். கூலிக்குச் சென்றவன் விதிவசத்தால் மாண்டவன். முன்னவனுக்குப் புகழும் பின்னவனுக்கு இரக்கமும் உரியன அன்றோ என்பர். இவ்வாதம் தோற்றத்தில் வலியது. துணிந்து களம் புகுந்தவனைப் போற்றுதல் தகும். ஆயின் அவன் மாண்டபோது அவனைப் போற்றியது எது? காலராவில் கிடந்து மாண்ட டெக்சாஸ் இளைஞனின் இறுதி மூச்சுக்கும், அடுத்த முகாமில் மாண்ட கிள்ளான் தோட்டத்து இளைஞனின் இறுதி மூச்சுக்கும் வீரத்தால் ஏற்பட்ட வேறுபாடு ஒன்றுமில்லை. ஒருவனைத் தன் மகன் என்று கேட்டு வாங்க ஓர் அரசு இருந்தது; மற்றவனைக் கேட்பார் இலர். நினைவு வீரத்தைப் பொறுத்தது என்று சொல்லப்பட்டாலும், நடைமுறையில் அது உரிமை கொண்டாடுவாரைப் பொறுத்ததாகவே அமைந்துவிட்டது. அமெரிக்கர் தம் வீரரை நினைத்தது மிகையன்று, முற்றும் முறையே. அம்முறை மற்றவர்க்கும் உரியது என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

போரில் மாண்டாரை நினைத்தல் போரைப் போற்றுவதாகும் என்பது மற்றொரு தடை. இதற்கு விடையளிப்பது வாஷிங்டன் நகரிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர். 1982ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அச்சுவரை வடிவமைத்த மாயா லின், அவ்வடிவைப் படைத்த காலத்தில் பல்கலைக்கழக மாணவி. அப்போர் சரியா தவறா என்று அமெரிக்கர் தம்முள் பிளவுபட்டு நின்றனர், இன்றும் ஒன்றுபட்டாரில்லை. அச்சுவர் அதுபற்றி ஒன்றும் உரைப்பதில்லை. 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவிப் பட்டம் இன்றி, மாண்ட நாள் வரிசையில் நிற்கின்றன. அனுப்பியவர் தவறினாலும் அனுப்பப்பட்டவன் மறக்கப்படலாகாது என்னும் அறத்தை அது காட்டுகிறது. எனினும் அதே போரில் மாண்ட இலட்சக்கணக்கான வியட்நாம் மக்களுக்கு அச்சுவரில் இடமில்லை. தன்னவரை மட்டும் எண்ணும் நினைவு அரை நினைவே என்பதையும் அச்சுவரே உணர்த்துகிறது.

நினைவால் விளையும் பயன் யாது என்று கேட்பாரும் உளர். இல்லத்தில் தொடங்கி இதனை ஆராய்தல் தகும். இறந்த நாள் தெரிந்தாலன்றித் திதி கொடுத்தல் இயலாது. நாள் அறியப்படாதார்க்கு மகாளய அமாவாசையில் நீர்க்கடன் ஆற்றுதல் மரபு. சயாமுக்குச் சென்று மீளாதவரின் குடும்பங்களுக்கு இறந்த நாளும் இல்லை, இறந்தாரா என்னும் உறுதியும் இல்லை. பூவும் பொட்டும் களைவதா வைத்திருப்பதா என்று அறியாது காத்திருந்த பெண்களின் துயரை எந்த வரலாற்று நூலும் அளந்ததில்லை. பெயரும் நாளும் எழுதப்பட்டிருப்பின், அத்துயர்க்கு ஓர் எல்லை வாய்த்திருக்கும். அடுத்து, அரசுகளை நோக்குக. ஒவ்வோர் உயிருக்கும் பின்னாளில் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்று அஞ்சும் ஆட்சி, உயிரைச் செலவிடத் தயங்கும். கணக்கே கேட்கப்படாத உயிர்கள்தாம் தண்டவாளக் கட்டைகளைப் போல் வரிசையாக அடுக்கப்பட்டன. ஆதலின் நினைவு இறந்தோர்க்குச் செய்யும் சிறப்பாக இருப்பதோடு, இருப்போர்க்கு அமையும் காவலாகவும் இருக்கிறது.

கோலாலம்பூரின் ஏரிப் பூங்காவை அடுத்து 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னம், நாட்டைக் காக்க உயிரீந்த வீரரைப் போற்றுகிறது. அதனைப் படைத்த பெலிக்ஸ் டி வெல்டன் என்னும் சிற்பியே, அமெரிக்கக் கடற்போர் வீரருக்காக ஆர்லிங்டனில் நிற்கும் புகழ்பெற்ற சிலையையும் படைத்தவர். வீரர்க்கு நினைவெழுப்பும் கலை நாடுவிட்டு நாடு வந்தது. தோட்டப் பாட்டாளிக்கு நினைவெழுப்பும் எண்ணமோ மிகத் தாமதமாகவே வந்தது. 1944ஆம் ஆண்டில் ஜப்பானியப் படையினரே காஞ்சனபுரியில் மாண்டோர்க்கென ஒரு நினைவுத் தூண் நிறுவி, பல மொழிகளில் கல்வெட்டுப் பொறித்தனர். அவற்றுள் தமிழும் ஒன்று. மாளச் செய்தவர் நட்ட கல்லில்தான் மாண்டவரின் மொழி முதலில் இடம்பெற்றது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், கல் செய்யாத பணியைச் சொல்லால் செய்ய முற்பட்டன. 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கென ஒரு நடுகல் நிறுவப்பெற்றது. முன்னோர் மரபு எண்பதாண்டு கழித்தேனும் உயிர்பெற்றது மகிழத்தக்கதே.

எனினும், நடுகல் மரபின் உயிர்நிலை பெயர். கல் வந்துவிட்டது, பெயர்கள் இன்னும் வரவில்லை. அவற்றைத் தேடும் பணி பெரும்பொருள் வேண்டாதது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மீண்டு வந்தோர் ஏறக்குறைய அனைவரும் மறைந்தனர். ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். 'உன் வீட்டில் சயாமுக்குப் போனவர் உண்டா? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்?' என்னும் மூன்று கேள்விகளை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கேட்டு, விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுவாராயின், எண்பதாண்டுக்கு முன் எழுதப்படாது போன பட்டியலின் முதல் ஏடு தொடங்கும். மாணவர் வீடு சென்று பாட்டியிடம் கேட்டு வரும் ஒரு பெயர் முழுமையாக இல்லாதிருக்கலாம். தந்தை பெயர் தெரியாதிருக்கலாம். தோட்டத்தின் பெயரும் மாறியிருக்கலாம். அவ்வளவில் கிடைப்பதை எழுதுதல் தகும். கோவிவனை மறவாத இனத்துக்கு இது இயலாத செயல் அன்று.