வெகுமதிப் புள்ளிகள் யாருக்குச் சொந்தம்?



கடைக்காரர் கொடுக்கும் வெகுமதிப் புள்ளிகளை ஏற்றுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாய் ஏற்றுக்கொள்ளலாம், அதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி இதற்குப் பொருந்தாது. ஏனெனில் இது தானமல்ல, வியாபாரம். பல்லைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இங்கிலாந்தை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே டெஸ்கோ என்னும் பெரிய கடை 1963-ம் ஆண்டு முதல் 'கிரீன் ஷீல்டு' முத்திரைகளைக் கொடுத்து வந்தது. ஜனங்கள் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, வீட்டுச் சாமான்களாக மாற்றிக்கொண்டார்கள். 1977-ல் அக்கடை முத்திரைகளை நிறுத்தி, அதனால் மிச்சமான பணத்தைக் கொண்டு விலைகளைக் குறைத்தது. இதனால் விளங்குவதென்ன? முத்திரையின் செலவை அதுவரை சுமந்தவர் வாங்குகிறவரே என்பதுதான்.

1995-ல் அதே கடை 'கிளப்கார்டு' என்னும் அட்டையைக் கொண்டுவந்தது. இம்முறை கடைக்கு வேறொரு லாபமும் கிடைத்தது. எந்த வீட்டார் எந்தப் பொருளை எப்போது வாங்குகிறார்கள் என்னும் விவரமே அது. ஆகவே அட்டையைக் காட்டுகிறவர் எதையும் சும்மா பெறுவதில்லை. தம் வீட்டுச் சமாசாரத்தைக் கொடுத்தே பெறுகிறார்.

பெறுவது எவ்வளவு? ஒரு பவுன் செலவுக்கு ஒரு புள்ளி; 150 புள்ளிகளுக்கு ஒன்றரைப் பவுன் சீட்டு. நூற்றுக்கு ஒன்று என்று அறிக. புள்ளிக்கு ஆசைப்பட்டு வேண்டாத பொருளைப் பத்துப் பவுனுக்கு வாங்குகிறவருக்கு வரவு பத்துப் பென்ஸ். நஷ்டம் ஒன்பது பவுன் தொண்ணூறு பென்ஸ். அச்சீட்டைச் சில உணவு விடுதிகளிலும் கேளிக்கை இடங்களிலும் கொடுத்தால் இரட்டை மதிப்பு உண்டு. ஆனால் அங்கே போகும் எண்ணம் முன்பே இருந்தால்தான் அது லாபமாகும். சீட்டு இரண்டு ஆண்டில் காலாவதியாகிவிடும், மறந்தவர் இழப்பார்.

அட்டைதாரருக்கு மட்டும் என்று போடும் குறைந்த விலைகள் ஏமாற்றுத்தானோ என்று கேட்கலாம். அந்நாட்டுப் போட்டி மற்றும் சந்தை ஆணையம் பல கடைகளில் ஏறக்குறைய 50,000 பொருள்களின் விலையை ஆராய்ந்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் நூற்றுக்கு 92 பொருள்களில், வழக்கமான விலையைவிட மெய்யாகவே விலை குறைவு என்று கண்டது. ஆகையால் எல்லாம் பொய் என்பது நியாயமல்ல. ஆனால் அட்டை விலையே எங்கும் மலிவானது என்று எண்ணாமல், பிற கடைகளையும் விசாரிக்கும்படி அதே ஆணையம் சொல்லியிருக்கிறது.

இனி, மனச்சாட்சியைத் தொடும் கேள்விக்கு வருவோம். ஒருவர் தம் முதலாளிக்காகச் சாமான் வாங்குகிறார். இன்னொருவர் நடமாட முடியாத அண்டை வீட்டுப் பாட்டிக்காக வாங்குகிறார். இருவரும் பிறர் பணத்தைக் கொடுத்து, புள்ளிகளைத் தங்கள் அட்டையில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது தகுமா?

பணம் எவருடையதோ, பலனும் அவருடையதே, இதுவே நீதி. 'சில பென்ஸ் காசுதானே, அவர்களுக்குத் தெரியவா போகிறது?' என்று ஆட்சேபிக்கலாம். தொகை சிறிதானால் குற்றத்தின் கனம் குறையும். பொருளின் சொந்தக்காரர் மாறமாட்டார். அன்றியும், இதிலுள்ள மெய்யான ஆபத்து அந்தக் காசு அல்ல. புள்ளியில் ருசி கண்டவர், பாட்டிக்கு எந்தக் கடையில் மலிவு என்று பாராமல், தமக்கு எந்தக் கடையில் புள்ளி என்று பார்க்கத் தொடங்குவார். அவர் பகுத்தறிவே சிறு கைக்கூலி வாங்கிவிடுகிறது. நம்பி அனுப்பியவருக்கு நேரும் நஷ்டம் அதுவே.

பரிகாரம் மிக எளிது. ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'நீயே வைத்துக்கொள், அப்பா' என்று பாட்டி சொன்னால் அது அவருடைய அன்பளிப்பு, கூச்சமின்றி அனுபவிக்கலாம். கேளாமல் எடுத்தால் அதே புள்ளி வேறு பெயர் பெறும். கடைச் சிப்பந்தி, அட்டையில்லாத வாடிக்கையாளரின் கணக்கில் தன் அட்டையை வைப்பதோ, சந்தேகத்துக்கு இடமில்லாத வஞ்சனை; அங்கே நஷ்டம் அடைவது அவருக்குச் சம்பளம் தரும் கடை.

இன்னுமொன்று. அட்டையில்லாதவர் அதே ரொட்டிக்கு அதிக விலை கொடுக்க நேரிடுகிறது. நவீன கைப்பேசி பழகாத முதியோரே இதில் அதிகம் கஷ்டப்படுவார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் தெருவில் இருந்தால், அரை மணி நேரம் உடனிருந்து அவர் பெயரிலேயே ஓர் அட்டை எடுத்துக் கொடுங்கள். அது நல்ல தருமம்.

முடிவாக, புறப்படுமுன் வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதை வாங்குங்கள், சீட்டைத் தவணைக்குள் செலவழியுங்கள், பிறர் பணத்துக்கு வந்த புள்ளியைப் பிறருக்கே கொடுங்கள். கடைக்கு உடன் வரும் பிள்ளைகள் நாம் கணக்குப் பார்ப்பதையும் கற்கிறார்கள், யாருடைய கணக்கைப் பார்க்கிறோம் என்பதையும் கற்கிறார்கள்.