இயந்திரத்திற்கு ஸனது உண்டா?

இஷா தொழுது வீடு திரும்பும் இளைஞர் ஒருவருக்கு ஜகாத் பற்றியோ தலாக் பற்றியோ ஒரு சந்தேகம் எழுகிறது. கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார். கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அந்த விடையை ஏற்று அமல் செய்யலாமா? இக்கேள்வி இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

புதியது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவது மார்க்கத்தின் வழியன்று. ஒலிபெருக்கி வந்த காலத்தில் அதைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று உலமாக்கள் விவாதித்தார்கள். இன்று அதில் பாங்கு கேட்டே நாம் பள்ளிவாசலுக்கு எழுந்து செல்கிறோம்.

நம் மதுரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் இங்கு இல்லை. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. ஆரம்பத்தில் வலியும் இராது, பார்வைக் குறைவும் தெரியாது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். விழித்திரைப் படத்தைக் கொண்டே இந்நோயைக் கண்டறியும் கணினி முறை ஒன்றை கூகுள் நிறுவனம் உருவாக்கியது. அதைப் பழக்க 1,28,175 படங்களை, கண் மருத்துவர்களும் பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேர் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூவர் பார்த்தார்கள். ஆய்வு 2016இல் வெளியாயிற்று. பின்னர் அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து, அந்த முடிவையும் 2019இல் வெளியிட்டார்கள்.

ஹதீஸ் கலையை அறிந்தோருக்கு இம்முறை அந்நியமன்று. செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும், சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், நம்பத் தகுந்தவரா என்று ஆராயாமல் இமாம்கள் அதை ஏற்றதில்லை. கண்ணைப் பார்க்கும் இயந்திரத்திற்கும் ஒருவகையில் ஸனது இருக்கிறது. சிகிச்சைக்குப் பொறுப்பேற்க மருத்துவரும் இருக்கிறார்.

2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பரவிய பேசும் இயந்திரங்களின் நிலை வேறு. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்தே அவை வாக்கியம் அமைக்கின்றன. இல்லாத நூலுக்குப் பெயரும் இல்லாத ஹதீஸுக்கு எண்ணும் தயக்கமின்றித் தந்துவிடக் கூடியவை அவை. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, ஆராயாமல் அதைப் பிறருக்கு அனுப்பும் நம் கதி என்ன?

"ஆலிமும் தவறுவதில்லையா?" என்று கேட்கலாம். தவறுவார். ஆனால் தலாக் பற்றிக் கேட்டால், என்ன சொல் சொன்னீர், எந்த நிலையில் சொன்னீர், முன்பும் சொன்னதுண்டா என்று விசாரித்த பிறகே அவர் வாய் திறப்பார். ஒரு குடும்பம் தம் சொல்லால் பிரியுமே என்று அஞ்சுவார். மறுமையில் அவருக்குக் கேள்வி உண்டு. இயந்திரத்திற்கு நிய்யத்தும் இல்லை, மறுமையும் இல்லை. எனவே அதன் சொல்லை ஏற்று நடந்தால் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான். செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்பது குர்ஆனின் (17:36) எச்சரிக்கையல்லவா?

இதில் நம் குறையும் உண்டு. கேள்வி கேட்ட பிள்ளையை அதட்டி அனுப்பினோம். அதட்டாத இயந்திரத்திடம் அவன் போய்விட்டான். காஜிமார் தெருவானாலும் கோரிப்பாளையமானாலும், ஆலிமிடம் கூச்சமின்றிக் கேட்கும் வழக்கம் மீண்டும் வரவேண்டும். நூலைத் தேடவும் அரபுச் சொல்லுக்குப் பொருள் காணவும் இயந்திரம் உதவட்டும். தீர்ப்பை மட்டும், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடமே கேட்போமாக.

பயனுள்ள கல்வியையும், கேட்டதை ஆராய்ந்து ஏற்கும் பக்குவத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.